முன்னேற்றக் கொள்கையும் விஞ்ஞானப் புனைகதையும்

ஒரு சொல் பல பொருள்களை ஒருங்கே உணர்த்தி நிற்குமாயின், அவற்றுள் ஒன்றற்குரிய சிறப்பு ஏனையவற்றின்மேலும் ஏற்றியுரைக்கப்படுதல் இயல்பு. வாதங்களிற் பல வழுவுவது இவ்விடத்தேயாம். இக்காலத்தார் நாவில் ஓயாது வழங்கும் 'முன்னேற்றம்' என்னும் சொல் இத்தகையது. மலையைக் குடைந்து வழி செய்தலும் முன்னேற்றம் எனப்படும். பசியும் பிணியும் குறைந்து மக்கள் இனிது வாழ்தலும் முன்னேற்றம் எனப்படும். பிறர் துன்பங் கண்டவழி வாளாவிராது சென்று உதவும் மனம் பெறுதலும் முன்னேற்றம் எனப்படும். முதலாவது ஆற்றலின் வளர்ச்சி. இரண்டாவது வாழ்க்கை நலத்தின் வளர்ச்சி. மூன்றாவது பண்பின் வளர்ச்சி. ஒன்று வளர ஏனையிரண்டும் தாமே உடன்வளருமோ, அன்றி ஒவ்வொன்றற்கும் காரணம் வெவ்வேறோ என்பதே வினா.

மேனாட்டில் 18-ஆம் நூற்றாண்டு முதலாக வலுப்பெற்ற நவீனக் கொள்கை, இம்மூன்றும் ஒன்றையொன்று விடாது தொடரும் எனக் கொண்டது. அக்கொள்கையைத் தத்துவ நூலார் ஆராய்ந்தது ஒருபுறமிருக்க, விஞ்ஞானப் புனைகதை எனப்படும் கதைநூல் செய்தாரும் தமக்குரிய முறையில் ஆராய்ந்தனர். சிறுவர் பொழுதுபோக்கிற்கே உரியதென்று பலரால் ஒதுக்கப்படும் அந்நூல்வகையுள், எச். ஜி. வெல்ஸ் என்பார் இயற்றிய 'கால இயந்திரம்' தலைமை சான்றது. அதனை நடுவாக வைத்து அவ்வாராய்ச்சியின் போக்கு ஈண்டு விளக்கப்படும்.

கொள்கையின் தோற்றம்

பண்டை மக்களுட் பலர், முற்காலமே சிறந்ததென்றும் பிற்காலம் படிப்படியே இழிந்து வருவதென்றும் கருதினர். கிரேக்கப் புலவராகிய ஹெசியட் பொன்னூழி முதலாக இரும்பூழி ஈறாகக் காலத்தை வகுத்தார். இந்நாட்டுப் புராணங்கள் கிருதயுகம் முதலாகக் கலியுகம் ஈறாக வகுத்தன. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டளவில் இக்கருத்துத் தலைகீழாகத் திரும்பலாயிற்று. இயற்கையின் காரண காரியங்களைச் சோதித்தறிந்து மக்கள் வாழ்விற்குப் பயன்படுத்தல் வேண்டும் என ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் வற்புறுத்தினார். 1626-இல் அவர் இறந்தபின் வெளிவந்த 'புதிய அட்லாண்டிஸ்' என்னும் கதை, ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட அறிஞர் கழகமொன்று ஒரு தீவு நாட்டிற்கு உயிராய் நிற்றலைப் புனைந்துரைப்பது.

பேக்கன் ஆற்றலையும் வாழ்க்கை நலத்தையுமே பெரிதும் நோக்கினார். அவற்றோடு பண்பையும் சேர்த்து முழுக் கொள்கையாக உரைத்தாருள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் கொந்தொர்சே. பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களோடு மாறுபட்டமையின் 1793-இல் அவரைச் சிறைப்படுத்தக் கட்டளை பிறந்தது. அவர் பாரிசு நகரில் ஒரு வீட்டில் மறைந்திருந்து, மக்கள் உள்ளத்தின் முன்னேற்ற வரலாற்றைப் பத்துப் பருவங்களாக வகுத்து எழுதினார். பத்தாவது பருவம் எதிர்காலம். அக்காலத்தில் நாடுகளுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வும் ஒரு நாட்டினுள்ளேயுள்ள ஏற்றத்தாழ்வும் குறையும். மக்கள் அறிவாலும் ஒழுக்கத்தாலும் எல்லையின்றித் திருந்துவர் என்பது அவர் துணிபு. 1794 மார்ச்சில் மறைவிடம் விட்டு நீங்கியவர் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது.

உயிருக்கு உறுதியில்லாத நிலையிலும் மக்களினத்தின்பால் நம்பிக்கை தளராத அப்பெரியார் உறுதி போற்றற்பாலது. ஆயினும், அறிவு பரவப் பரவக் கொடுமை தானே ஒழியும் என அவர் காட்டிய ஏது அப்பொழுதே ஐயத்துக்கிடமாயிற்று. அவரைத் தேடித் திரிந்தவர்களும் பகுத்தறிவின் பெயரைச் சொல்லியே ஆட்சி செலுத்தினர் அன்றோ?

கதை அளவையாமோ?

'கதையென்பது நடவாததனை நடந்ததுபோற் கூறுவது. அதனைக்கொண்டு ஒரு கொள்கையின் மெய்ம்மை பொய்ம்மைகளைத் துணிதல் எங்ஙனம் கூடும்?' எனின், அத்தடைக்கு விடை வருமாறு. எதிர்காலத்தில் இன்னது நிகழும் என நிறுவுதற்குக் கதை அளவையாகாது என்பது உண்மையே. ஆயின், ஈண்டு வேண்டப்படுவது அதுவன்று. புகையுள்ளவிடத்துத் தீ உண்டு என்பது பிழையாத வியாத்தி. அதனைத் திருப்பி, தீயுள்ளவிடத்துப் புகை உண்டு என ஒருவன் கூறுவனாயின், பழுக்கக் காய்ச்சிய இரும்புண்டையைக் காட்டி அவனை மறுப்பர். அவ்வுண்டையில் தீ உண்டு, புகை இல்லை. ஆகவே, தீயோடு புகை கூடுதற்கு ஈரவிறகு என்னும் உபாதி வேண்டும் என்பது பெறப்படும்.

முன்னேற்றக் கொள்கையார், ஆற்றலும் நலமும் வளருமிடத்துப் பண்பும் வளரும் என்றனர். அக்கூற்றினுள் மறைந்து நிற்கும் ஈரவிறகு யாது? ஆற்றலையும் நலத்தையும் நிறைய வைத்து, மறைந்து நின்ற ஒன்றை மட்டும் நீக்கிவிடின் என் விளையும்? விஞ்ஞானப் புனைகதை செய்து பார்ப்பது இச்சோதனையே. பல நூறாயிரம் ஆண்டு கழிந்தாலன்றி உலகிற் காணவியலாத விளைவை அது சில பக்கங்களிற் கருத்தளவில் வைத்துக் காட்டும்.

கொள்கையை வலியுறுத்தும் கதை

மறுப்பைக் கூறுமுன் பூர்வபக்கத்தை அதன் முழு வலியோடும் எடுத்துரைத்தல் முறை. முன்னேற்றக் கொள்கையைக் கதை வாயிலாக வலியுறுத்தியவருள் அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி சிறந்தவர். 1888-இல் வெளிவந்த அவரது 'பின்னோக்கிப் பார்த்தல்' என்னும் நூலில், பாஸ்டன் நகரத்துச் செல்வன் ஒருவன் 1887-இல் உறங்கி 2000-ஆம் ஆண்டில் விழிக்கின்றான். அவன் கண்ட நகரில் வறியரும் இல்லை, செல்வரும் இல்லை. தொழில்களெல்லாம் நாட்டிற்கே உரியன. ஒவ்வொருவரும் 21 வயது முதல் 45 வயது வரை தொழிற்படையிற் பணிபுரிகின்றனர். ஆண்டுதோறும் யாவர்க்கும் ஒத்த பங்கு கணக்கில் வைக்கப்படுகின்றது. அதற்குரிய அட்டையைக் காட்டிப் பண்டங்களைப் பெறுகின்றனர். இசையரங்கின் இன்னிசை தொலைபேசிக் கம்பி வழியே வீடுதோறும் வருகின்றது. இம்மாற்றம் குருதி சிந்தாமல், தொழில்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருகிய போக்கிலேயே, காய் முதிர்ந்து கனிந்தாற்போல நிகழ்ந்தது என்பர் ஆசிரியர். வறுமை நீங்கவே அதன் வழித்தாகிய களவும் பொய்யும் பெரும்பாலும் நீங்கின என்பதும் அவர் கருத்து.

இந்நூல் பல்லாயிரவரைக் கவர்ந்தது. இதன் கொள்கையைப் பரப்புதற்கு அமெரிக்காவிற் சங்கங்கள் பல எழுந்தன. வறியவன் செய்யும் குற்றத்திற்கு வறுமையும் ஒரு காரணமாதலை யாரும் மறுத்தல் இயலாமையின், இதன் வாதம் எளிதில் இகழத்தக்கதன்று. ஆயினும், கதையிற் குறித்த 2000-ஆம் ஆண்டு வந்து கழிந்தது. அட்டை காட்டிப் பண்டம் வாங்குதல் வந்தது. வீட்டிலிருந்தே எவ்விடத்து இசையையும் கேட்டல் வந்தது. ஒத்த பங்கு மட்டும் வந்திலது. ஆற்றலின் பகுதியாகச் சொல்லப்பட்டவை வேறு வடிவிலேனும் எய்தின; அறத்தின் பகுதியாகச் சொல்லப்பட்டது எய்தாது நின்றது. ஒன்று நிகழ மற்றொன்று நிகழாதொழியுமாயின், இரண்டற்கும் காரணம் ஒன்றேயென்றல் பொருந்தாது.

பரிணாமம் வேறு, முன்னேற்றம் வேறு

1859-இல் டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டபின், முன்னேற்றக் கொள்கையாருட் பலர் தம் கொள்கைக்கு இயற்கையே சான்று பகர்ந்ததென மகிழ்ந்தனர். எளிய உயிரிலிருந்து மனிதன் வரை உயிர்கள் உயர்ந்து வந்தமையின், இனியும் உயர்ந்தே செல்லும் என்பது அவர் அனுமானம். அதனை மறுத்தவர் டார்வினுக்காக வாதாடிப் புகழ்பெற்ற தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியே என்பது நோக்கத்தக்கது.

அவர் 1893-இல் ஆக்ஸ்போர்டில் 'பரிணாமமும் அறமும்' என்னும் பொருள்பற்றிப் பேசினார். இந்திய சமயங்களின் கன்மக் கொள்கையையும், புத்தர் நெறியையும், கிரேக்க ஸ்டோயிக்கர் நெறியையும் அப்பேச்சில் எடுத்து ஆராய்ந்தார். வாழ்க்கைப் போரில் எஞ்சி நிற்பது சூழ்நிலைக்குத் தக்கது, தக்கதெல்லாம் நல்லதன்று. நிலவுலகம் குளிர்ந்துவிடுமாயின், பாறையிற் படரும் தாழ்ந்த பூண்டு வகைகளே தக்கனவாய் எஞ்சும். ஆதலின் அறம் இயற்கைப் போக்கைப் பின்பற்றுவதன்று, அதனை எதிர்த்து நிற்பது என்பது அவர் முடிபு. மறு ஆண்டில் எழுதிச் சேர்த்த முன்னுரையில், மனிதன் ஆக்கிய தோட்டத்தை உவமை கூறினார். காவலன் கை நீங்கின் மதில் சிதையும், களை புகும், சில ஆண்டுகளில் தோட்டம் இருந்த இடம் காடாகும்.

கால இயந்திரம்

ஹக்ஸ்லியிடம் 1884-ஆம் ஆண்டு தொடங்கி இலண்டனில் உயிர்நூல் பயின்ற மாணவருள் ஒருவர் வெல்ஸ். இவர் 1866-இல் சிறு கடைக்காரர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். இளமையில் துணிக்கடையிற் பணிபயில விடப்பட்டார். இவர்தம் தாயார் சசெக்ஸ் நாட்டில் அப்பார்க் என்னும் பெருமனையில் மனைக்காவற் பணி புரிந்தார். அம்மனையில் ஏவலர் நிலவறைகளிலிருந்து தொழில் செய்து, நிலத்தடி வழிகளிலே சென்று வருவர். மேல்தளத்தில் உடையவர் வாழ்வர். மேலுலகும் கீழுலகும் ஒரே கூரையின்கீழ் இருத்தலை இவர் இளமையிலேயே கண்டவர்.

1895-இல் வெளிவந்த இவரது நூலில், காலத்தினூடே செல்லும் பொறியைச் செய்த ஓர் அறிஞன் 802701-ஆம் ஆண்டிற் சென்று இறங்குகின்றான். ஆங்கு ஈலாய் எனப்படும் சிறிய மென்மேனியரைக் காண்கின்றான். அவர் கனியுண்டு, மலர் சூடி, ஆடிப்பாடி வாழ்கின்றனர்; உழைப்பு இல்லை, நோய் இல்லை. அவ்வறிஞன் தான் கண்டவற்றிற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் ஊகித்து, பின்னர்த் தானே மறுத்துச் செல்லும் முறை தருக்க நூல் பயின்றார்க்கு இன்பம் பயப்பது.

அவனது முதல் ஊகம், மனிதர் இயற்கையை முற்றும் வென்றமையின் வலிமையும் ஊக்கமும் வேண்டாவாயின என்பது. இடர் நீங்கவே, இடரை வெல்லுதற்கு எழுந்த அறிவும் தேய்ந்ததாம். பெல்லமி வேண்டிய நலம் முழுதும் எய்திய நிலை அது. ஆனால் எய்தினவர் அறிவாற் குழந்தைகளாயினர். பின்னர் நிலத்திடையே ஆழ்ந்த கிணறுகளையும், அவற்றினின்று எழும் பொறிகளின் ஒலியையும் அறிகின்றான். கீழே மார்லாக் எனப்படும் வெளிறிய மேனியர் இருளில் வாழ்ந்து பொறிகளை இயக்குகின்றனர். எனவே, உடையவரும் உழைப்பவருமாகப் பிரிந்த மக்களே நாளடைவில் ஈரினமாயினர் என்பது இரண்டாம் ஊகம். மேலோர் தலைவர், கீழோர் அடியவர் என அவன் முதலிற் கொண்டான். கீழோர் இரவில் வந்து மேலோரைப் பிடித்து உண்கின்றனர் என்பது தெளிந்தபின், அத்துணிபும் பிழையாயிற்று. தலைவர் வழியினர் கால்நடைபோலாயினர். அடியவர் வழியினர் அவரைப் பேணி வளர்த்து உண்பாராயினர். இஃது அவன் இறுதியில் எய்திய முடிபு. அம்முடிபும் பிழையாகலாம் என்று அவனே கூறிக்கொள்ளுதல் ஆசிரியரின் நடுநிலைக்குச் சான்று.

இக்கதையின் பொருள் செல்வர் ஏழையர் பிரிவோடு முடிந்துவிடுவதன்று. ஆற்றின்கண் வீனா என்னும் ஈலாய்ப் பெண் நீரில் அகப்பட்டுக் கதறி அமிழ்கின்றாள். அருகிருந்த அவள் இனத்தாருள் ஒருவரும் அவளைக் காக்க முயன்றிலர். அயற்காலத்தவனாகிய அவ்வறிஞனே நீரிற் புகுந்து கரை சேர்க்கின்றான். ஈலாய் கொடியரல்லர், சினவார், அடியார், பறியார். எனினும் உதவார். தீமை செய்யாமை வேறு, நன்மை செய்தல் வேறு என்பதும், இனிய இயல்பு பண்பாகிவிடாது என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும். தொல்லையின்மையால் வந்த மென்மை, பிறர்பொருட்டுத் தொல்லை ஏற்கவேண்டிய இடத்தில் ஒன்றுக்கும் உதவாதாயிற்று.

இதற்கு இணையான மற்றொரு காட்சி, பச்சைப் பீங்கான் மாளிகையெனப் பெயரிடப்பட்ட பாழடைந்த காட்சிசாலை. ஆங்கு முற்காலத்து நூல்கள் மட்கிக் கந்தலாய்த் தொங்குகின்றன. நூலும் இருந்தது, மாளிகையும் இருந்தது, ஓதுவார் இல்லை. மார்லாக் கூட்டத்தார் பொறிகளை இயக்குகின்றனர். அதுவும் வழிவழி வந்த பழக்கமேயன்றிப் புதிது காணும் அறிவன்று. ஆகவே பொருள்கள் எஞ்சலாம். அவற்றிற்கு உயிராகிய பயிற்சி எஞ்சாதொழியலாம். வாதத்துட் காணாது நின்ற ஈரவிறகு இதுவே. ஒவ்வொரு தலைமுறையும் தானே முயன்று அறிவையும் அன்பையும் பயிலுதல் என்னும் ஒன்றைச் சொல்லாமலே உடன்கொண்டு, 'ஆற்றல் வளரப் பண்பு வளரும்' என்றனர் முன்னேற்றக் கொள்கையார். வெல்ஸ் அதனை நீக்கிக் காட்டினார். நீக்கவே ஏனையவும் குலைந்தன.

அறிஞன் அங்கிருந்து தப்பி மூன்று கோடி ஆண்டுக்கும் அப்பாற் சென்று, செஞ்ஞாயிறு அசையாது நிற்கும் ஒரு கடற்கரையைக் காண்கின்றான். மனிதனின் சுவடும் ஆங்கில்லை. ஞாயிற்றின் வெம்மை சில கோடி ஆண்டுகளில் அவியும் என்று அக்காலப் பௌதிகர் கணக்கிட்டதைத் தழுவியது இப்பகுதி. அணுக்கருக்கள் இணைதலால் ஞாயிறு ஒளிர்கின்றது என்பதும், இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டு அஃது ஒளிரும் என்பதும் பின்னர்த் தெளிந்தன. கணக்கு மாறினும், இயற்கை மனிதனுக்கு முடிவிலா உயர்வை உறுதி கூறவில்லை என்னும் கருத்து மாறுவதன்று.

அறிவின் குற்றமோ?

'அங்ஙனமாயின் அறிவும் பொறியுமே தீங்கிற்குக் காரணம். அவற்றைத் துறத்தலே தக்கது' என்பாரும் உளர். அற்றன்று. இந்நூல்வகைக்கு முன்னோடியெனக் கொள்ளப்படும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வெளிவந்தது. மேரி ஷெல்லி அதனை எழுதத் தொடங்கியது தம் 18-ஆம் வயதில். அதில் ஓர் இளைஞன் உயிரற்ற உறுப்புக்களைக் கூட்டி உயிரூட்டுகின்றான். அவ்வுருவம் கண் விழித்தவுடன் அதன் தோற்றத்திற்கு அருவருத்து ஓடிவிடுகின்றான். கைவிடப்பட்ட அவ்வுயிர் ஒரு குடும்பத்தாரை மறைந்திருந்து நோக்கி மொழி கற்கின்றது, நூல் ஓதுகின்றது, அன்பை வேண்டுகின்றது, எங்கும் துரத்தப்பட்டபின்னரே கொலை புரிகின்றது. ஆக்கும் ஆற்றல் பெற்றவன் பேணும் கடனை ஏலாமையே ஆண்டுக் குற்றமாகக் காட்டப்பட்டது.

ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909-இல் எழுதிய 'இயந்திரம் நிற்கின்றது' என்னும் சிறுகதை இதன் மறுபக்கத்தைக் காட்டும். வெல்ஸ் புனைந்த வருங்காலச் சுவர்க்கங்களுள் ஒன்றற்கு எதிராக அதனை எழுதியதாக ஃபார்ஸ்டரே குறித்துள்ளார். அதில் மக்கள் நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழ்கின்றனர். உணவும் இசையும் பேச்சும் ஒரு பேரியந்திரத்தால் வருகின்றன. மகன் தாயை நேரிற் காண விரும்புதலும் விந்தையாகின்றது. நேரே கண்டறிந்த கருத்தினும், பலர் வாயிற் புகுந்து தேய்ந்த கருத்தே சிறந்ததெனப் போதிக்கப்படுகின்றது. அவ்வியந்திரத்தை முழுதும் அறிந்தவர் ஒருவரும் இல்லாமையின், அது பழுதுற்று நின்றபொழுது செம்மை செய்வார் இலராயினர். முன்னைய கதையில் ஆக்கியவன் தன் படைப்பைக் கைவிட்டான். இதில் மக்கள் தம்மையே தம் படைப்பின் கையில் விட்டனர். இரண்டிடத்தும் நழுவியது ஒருவர் தாமே ஏற்றுச் செய்யவேண்டிய கடன்.

நம்பிக்கைக்கு இடமுண்டோ?

'இங்ஙனம் கூறின் மக்கள் முயற்சி வீணாமன்றோ?' எனின், அதுவும் பொருந்தாது. முன்னேற்றம் தானே நிகழும் எனின் முயற்சி வேண்டா. ஒருபொழுதும் நிகழாது எனினும் முயற்சி வேண்டா. முயன்றால் நிகழும், முயலாதொழியின் அழியும் என்னுமிடத்தேதான் முயற்சிக்குப் பொருள் உண்டு. வெல்ஸ் தம் வாழ்நாளில் இம்மூன்றாம் நிலையிலேயே பெரும்பாலும் நின்றார். கல்வி நூல்களும் வரலாற்று நூல்களும் எழுதினார். 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமை அறிக்கையை ஏற்பதற்கு எட்டாண்டு முன்னரே, 1940-இல், மனித உரிமைகள் பற்றி நூல் வெளியிட்டார்.

அவர் வாழ்விலேயே இவ்வாராய்ச்சிக்கு ஒரு கொடிய எடுத்துக்காட்டும் நேர்ந்தது. 1914-இல் வெளிவந்த 'விடுதலையுற்ற உலகம்' என்னும் கதையில், அணுவின் ஆற்றலாற் செய்த குண்டுகளை அப்பெயராலேயே அவர் குறித்தார். அதனை 1932-இல் படித்த பௌதிக அறிஞர் லியோ சிலார்டு, மறு ஆண்டில் அணுக்கருத் தொடர்வினையின் கருத்தைக் கண்டார். 1945 ஜூலையில், அணுகுண்டை ஜப்பான்மீது வீசுதல் தகாது, சரணடைதற்குரிய விதிகளை முதலில் வெளிப்படக் கூறல் வேண்டும் என்று, அறிஞர் பலர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அவரே எழுதினார். விண்ணப்பம் பயன்படவில்லை. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவும் 9-இல் நாகசாகியும் அழிந்தன. கதையிலிருந்து பொறிக்கு வர 31 ஆண்டே சென்றது; அப்பொறியைத் தடுத்தாளும் அறம் அவ்வேகத்தில் வந்திலது. அவ்வாண்டிலேயே வெளிவந்த வெல்சின் இறுதி நூல் மக்களினத்தின் எதிர்காலம்பற்றி மிகவும் தளர்ந்த உள்ளத்தைக் காட்டுவது. மறு ஆண்டு அவர் இறந்தார்.

ஆற்றலைத் தந்தை மகனுக்குப் பொறியாகவும் நூலாகவும் விட்டுச் செல்லலாம்; மகன் அதனைச் செய்த வகை அறியாமலே பயன்கொள்ளலாம். பண்பு அங்ஙனம் விட்டுச் செல்லற்பாலதன்று. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அதனை முதலிலிருந்தே பயிலல் வேண்டும். ஆற்றல் ஏணிப்படிபோல முன்னையதன்மேல் அடுக்கப்படும். பண்பு நாள்தோறும் ஏற்றப்படும் விளக்குப் போல்வது. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கியதே மயக்கத்திற்கு வித்து.

கால இயந்திரத்தில் வீனா தன்னைக் காத்தவனது சட்டைப்பையில் வைத்த இரண்டு வெண்மலர்கள் வாடிய நிலையில் அவனோடு மீண்டு வருகின்றன. அவன் கண்டவற்றிற்கு அவையன்றிப் பிறிதொரு பொருட்சான்று இல்லை. அறிவும் வலியும் தேய்ந்துபோன இனத்துள்ளும், உதவி பெற்ற ஒருத்திக்கு நன்றியுணர்வு எஞ்சியது. அது தானே முளைத்ததன்று. ஒருவன் நீரிற் புகுந்து அவளைக் கரை சேர்த்தமையால் எழுந்தது. பண்பின் முன்னேற்றம் என்பது ஒருவர் செயலாலன்றி வாராது என்பது இதுகாறும் கூறியவாற்றான் விளங்கும்.